ஒத்தடம் என்னும் சொல்லும் ஒரு பெயரற்ற நோயும்

ஒத்தடம் என்பது தமிழில் பரிவின் சொல். சுளுக்குக்கும் முதுகுப் பிடிப்புக்கும் குழந்தையின் வயிற்று வலிக்கும் அதை நாடாத வீடில்லை. அவ்வாறு நம்பிக்கை பெற்ற ஒரு சொல், தனக்குத் தொடர்பில்லாத இடத்திலும் எளிதில் நுழைந்துவிடும். பெய்ரோனி நோயை வீட்டிலேயே வெப்பம் வைத்துக் குணப்படுத்திக்கொள்ளலாம் என்ற அறிவுரை ஆண்களிடையே தணிந்த குரலில் உலவுவது அப்படித்தான். அந்த அறிவுரை தவறானது. அதற்கு இடம்கொடுத்த மௌனம் அதைவிடத் தவறானது.

முதலில் நோயைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆணுறுப்பின் விறைப்புத் திசுவைச் சூழ்ந்த உறையில் தழும்பு போன்ற நார்த்திட்டு ஒன்று உருவாகிறது. விறைப்பின்போது உறையின் பிற பகுதிகள் விரிய, திட்டு இருக்கும் இடம் மட்டும் விரிய மறுக்கிறது. உறுப்பு வளைகிறது, தொடக்க மாதங்களில் வலிக்கவும் செய்கிறது. பதினைந்தாம் லூயி மன்னரின் அறுவை மருத்துவராயிருந்த பிரான்சுவா த லா பெய்ரோனி 1743இல் இதை விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர் அமைந்தது. இது பால்வினை நோயன்று, புற்றுநோயன்று, இளமையில் செய்த எந்தப் ‘பிழை’க்கும் தண்டனையுமன்று. அரிதினும் அரிதும் அன்று: ஜெர்மனியின் கொலோன் வட்டாரத்தில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான கணக்கெடுப்பில், விடையளித்த ஆண்களுள் 3.2 விழுக்காட்டினரிடம் இதன் அறிகுறி காணப்பட்டது.

ஹைதராபாத்தின் வடக்கே, அல்வாலில் வாழும் ஐம்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைவீதியில் உருது கலந்த இந்தி, மருந்துச் சீட்டில் ஆங்கிலம் என நான்கு மொழிகள் அவரிடம் உண்டு. தன் உடலில் நேர்ந்த இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் அவற்றுள் ஒன்றும் துணைவருவதில்லை. ‘ஆண்மைக் குறைவு’ என்ற சொல்தான் முன்வந்து நிற்கும். அதுவோ நோயைச் சுட்டுவதைவிட மனிதனைச் சிறுமைப்படுத்தும் சொல். எந்த மருத்துவரிடம் செல்வது என்பதும் தெளிவில்லை. சிறுநீர்ப் பாதைக்கும் ஆணுறுப்புக்கும் அறுவை செய்யும் யூராலஜிஸ்டும், சிறுநீரகச் செயலிழப்பைக் கவனிக்கும் நெஃப்ராலஜிஸ்டும் பேச்சுத் தமிழில் ஒரே ‘கிட்னி டாக்டர்’தான். 2022 ஏப்ரலில் அல்வாலில் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் புறநோயாளர் சீட்டு எழுதுபவர் “என்ன உபாதை?” என்று கேட்கும்போது சொல்ல ஒரு சொல் இல்லாதவருக்கு எத்தனை மாடிக் கட்டடமும் தொலைவில்தான் இருக்கிறது. வெந்நீர்ப் பையோ வீட்டிலேயே இருக்கிறது; அது எதையும் கேட்பதில்லை.

வெப்பத்தை ஆதரிப்போரின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். தழும்பு கொலாஜன் என்னும் புரதத்தாலானது. கொலாஜன் வெப்பத்தில் நெகிழ்கிறது. ஆகவே வெப்பம் தழும்பைக் கரைக்கும் என்பர். முதலிரண்டு கூற்றுகள் சரி. மூன்றாவது அவற்றிலிருந்து பிறக்கவில்லை. நெகிழ்வது வேறு, கரைவது வேறு. சூடு ஆறியதும் நெகிழ்ச்சியும் நீங்கும். சிலருக்கு அத்திட்டில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து இறுகியும் விடுகிறது. இத்தாலிய மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வைச் சான்று காட்டுவோரும் உண்டு. அது மருத்துவக் கண்காணிப்பில், வெப்பத்தை 39 முதல் 40 பாகைக்குள் நிறுத்தும் கருவியைக் கொண்டு, சிறு எண்ணிக்கையினரிடம் செய்த முன்னோட்ட ஆய்வு. வாணலியில் வறுத்த உப்பு மூட்டைக்கும் மின்வெப்பத் திண்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அக்கட்டுப்பாடு இல்லாமையின் விலை என்ன? தோல் 44 பாகை வெப்பத்தை ஏறத்தாழ 6 மணி நேரம் தாங்கும்; 60 பாகையில் சில நொடிகளில் வெந்துவிடும். இதை 1947இலேயே அளந்து சொல்லிவிட்டார்கள். ஆணுறுப்பின் தோலோ மிக மெல்லியது. இங்கே ஒரு கொடிய பொருத்தமும் உண்டு: பெய்ரோனி நோயோடு அடிக்கடி சேர்ந்து காணப்படும் நோய்களுள் ஒன்று நீரிழிவு. நரம்பு பாதித்த நீரிழிவு நோயாளிக்குச் சூடு உறைப்பதில்லை. சுட்ட புண் ஆறவும் நாளாகும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி இந்நாட்டில் நீரிழிவுள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். அந்த நாட்டில் இந்த அறிவுரையைக் கேட்பவருள் யாருக்கு உணர்வு மங்கியிருக்கிறது என்று அறிவுரைப்பவர் அறிவாரா?

“எனக்குக் குணமாயிற்றே” என்பது அடுத்த வாதம். இந்நோயில் வலி, பெரும்பாலோருக்கு எந்தச் சிகிச்சையுமின்றியே சில மாதங்களில் தணிந்துவிடும். வளைவோ பெரும்பாலும் அப்படியே நிற்கும், அல்லது கூடும். வலி தணிந்த நாளில் கையில் எது இருந்ததோ அதற்குப் புகழ் சேர்கிறது. இதற்கிடையில் கழிவது நோய் இன்னும் மாறிக்கொண்டிருக்கும் காலம். மருத்துவர் பார்த்து, அளந்து, வழி சொல்ல வேண்டிய காலம்.

வழிகள் இல்லாமலில்லை. உறுப்பை மெல்ல இழுத்துப் பிடிக்கும் கருவியொன்றை நாளொன்றுக்கு 30 முதல் 90 நிமிடம் பயன்படுத்தியவர்களுக்கு வளைவு ஓரளவு குறைந்ததை, மேயோ கிளினிக் மருத்துவர்களின் ஒப்பீட்டு ஆய்வு 2019இல் காட்டியது. திட்டினுள் செலுத்தும் கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்கா 2013இல் ஒப்புதல் அளித்தது. நோய் நிலைபெற்ற பின் அறுவை சிகிச்சை உண்டு. வளைவு சிறிதாயிருந்து இடையூறு இல்லையெனில், ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதும் மருத்துவ விடையே. நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்ட வைட்டமின் ஈ மாத்திரையையே வழங்க வேண்டாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. தன் மாத்திரையையே சோதித்துத் தள்ளும் மருத்துவத்தின் முன், சோதனைக்கே வராத உப்பு மூட்டை எதைக் கொண்டு நிற்கும்?

லாட்ஜில் அறையெடுத்து ஊர் ஊராய் விளம்பரம் செய்யும் வைத்தியர்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டின் மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம் இருக்கிறது. நண்பர் காதோடு சொல்லும் அறிவுரைக்குச் சட்டமில்லை. அதை எதிர்கொள்ள வேண்டியது அறிவு. அறிவு தமிழில் பேச மறுக்கிறது. அணுவுக்கும் கணினிக்கும் கலைச்சொல் படைத்துக் குவித்த பல்கலைக்கழகங்கள் இடுப்புக்குக் கீழே வந்ததும் ஆங்கிலத்துக்கோ வடசொல்லுக்கோ ஒதுங்கிவிடுகின்றன. அதை நாகரிகம் என்கிறோம். நாட்டு வழக்கிலோ ஆணின் எல்லா உபாதைக்கும் ‘உடம்புச் சூடு’ காரணம். அதே சூடு இப்போது மருந்து. காரணமும் மருந்தும் ஒன்றே என்னும் முரண் எவரையும் உறுத்தாதது, இரண்டையும் எவரும் உரக்கச் சொல்லிப் பார்க்காததால்தான்.

தீர்வு கலைச்சொல் அகராதியில் மட்டும் இல்லை. ‘ஆணுறுப்பு வளைவு நோய்’ என்ற எளிய தொடர் போதும். அது பாடநூலில் வரட்டும். மருத்துவமனைச் சுவரில் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் வரட்டும். வகுப்பில் ஆசிரியர் குரல் தாழ்த்தாமல் சொல்லட்டும். அல்வாலின் அந்த மனிதர் வெந்நீர்ப் பையைக் கீழே வைத்துவிட்டு, யூராலஜிஸ்டின் அறைக்குள் சென்று, ஒரே வாக்கியத்தில் தன் நோயைச் சொல்ல இயலவேண்டும். அந்த வாக்கியத்தை அவருக்குத் தராத கல்விக்குத் தமிழ் வளர்ச்சி என்று பெயர் சூட்டிக்கொள்ள உரிமையில்லை.