காய்க்கு முன் கேட்கும் விலை



"உம்மா, உங்கட கார்டைக் கொஞ்சம் தாங்களேன். ஐம்பது டொலர்தான். கேம் இன்னும் முடியல்ல, ஆனா இப்பவே விளையாடலாம். முடிஞ்ச பிறகு விலை கூடிடும்."

கொம்பியூட்டரின் முன்னால் இருந்து மகன் இப்படிக் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஒன்றில், "இந்த வீணாப்போன விளையாட்டுக்குச் சல்லி இல்லை" என்று ஏசி விரட்டுகிறோம். இல்லாவிட்டால், தொல்லை தாங்காமல் கார்டை நீட்டிவிடுகிறோம். இரண்டிலும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்து விடுகிறோம். "முடியாத பொருளுக்கு ஏன் மகன் முழு விலை?" என்ற கேள்விதான் அது.

டொலர் ஒன்று 300 ரூபாய் என்று வைத்தாலும் ஐம்பது டொலர் 15,000 ரூபாய். ஒரு பிள்ளையின் பெருநாள் உடுப்பும் சப்பாத்தும் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைத் தாய்மார் கொஞ்சம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இதற்கு 'ஏர்லி எக்ஸஸ்' என்று பெயர். வேலை முடியும் முன்பே வாங்கியவரை உள்ளே விடுவது என்பது இதன் கருத்து. கொம்பியூட்டர் விளையாட்டுகளை விற்கும் 'ஸ்டீம்' என்ற பெரிய இணையக் கடை 2013 மார்ச்சில் இதற்கென்று தனிப் பகுதியைத் திறந்தது. அரைகுறையாக இருக்கும் விளையாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விளையாடிப் பார்த்துக் குறைகளைச் சொல்ல வேண்டும். அந்தக் காசைக் கொண்டு அவர்கள் மீதி வேலையை முடிப்பார்கள். கையில் முதல் இல்லாத சிறிய நிறுவனங்களுக்கு இது பெரும் உதவியாக இருந்தது என்பதையும் நாம் மறுக்கக் கூடாது.

அந்த ஆண்டின் நடுப்பகுதியிலேயே வாக்குவாதம் கிளம்பியது. 'பிளானட்டரி அனிஹிலேஷன்' என்ற விளையாட்டை அமெரிக்காவின் ஊபர் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் (இது நமக்குத் தெரிந்த வாடகை வாகன ஊபர் அல்ல) தயாரித்துக் கொண்டிருந்தது. 2012இல் 'கிக்ஸ்டார்ட்டர்' மூலம் பொதுமக்களிடம் 22 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியிருந்தார்கள். 2013இல் முதற்கட்ட, முடிவடையாத வடிவத்தை ஸ்டீமில் வைத்தார்கள். விலை 90 டொலர்! முழுமையான புதிய விளையாட்டே 60 டொலருக்கு விற்ற காலம் அது. அதே விளையாட்டு ஓரளவு தேறி அடுத்த கட்டத்துக்கு வந்ததும் விலையை 60 ஆகக் குறைத்தார்கள். குறை கூடிய நேரத்தில் விலை கூடுதல், குறை தீரத் தீர விலையும் குறைவு!

நிறுவனம் சொன்ன நியாயம் இதுதான். ஆரம்பத்தில் எங்களை நம்பிப் பணம் தந்தவர்கள், இந்த முதற்கட்டத்துக்குள் நுழைய 90 டொலர் தந்தார்கள். இன்று வருபவருக்கு மலிவாகக் கொடுத்தால் அவர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். அவசரம் இல்லாதவர்கள் பொறுத்திருந்து குறைந்த விலைக்கு வாங்கட்டும்.

எதிர்த்தவர்களின் வாதம் வேறு. ஒரு விளையாட்டின் பிழைகளைத் தேடிச் சொல்வது ஒரு வேலை. அதற்குச் சம்பளம் கொடுப்பதுதான் வழக்கம். அந்த வேலையையும் செய்வித்து, செய்தவரிடமே கூடுதல் காசும் வாங்குவதா? நம் பாஷையில் சொன்னால், பாதி வெந்த புரியாணிக்கு உப்புப் பார்க்க அழைத்து, பார்த்தவரிடமே ஒன்றரை மடங்கு காசு கேட்பது போல!

சகோதரிகளே, இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்த நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. இது முடியாதது என்று சொல்லித்தான் விற்றது. அங்கே விலை பொருளுக்கு மட்டும் அல்ல, மற்றவருக்கு முன்னால் நுழையும் ஆசைக்கும் சேர்த்துத்தான். அந்த ஆசைக்கு இன்றும் விலை உண்டு. 2023 செப்டம்பரில் 'ஸ்டார்ஃபீல்ட்' வெளியானபோது, 70 டொலருக்கு வாங்கியவர்கள் 6ஆம் திகதி வரை காத்திருந்தார்கள். 100 டொலர் கொடுத்தவர்கள் 1ஆம் திகதியே விளையாடினார்கள். அது முடிவடைந்த விளையாட்டுத்தான். ஆனாலும் ஐந்து நாள் பொறுமையின் விலை 30 டொலர்!

நமது மார்க்கம் இந்த விடயத்தில் நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. மரத்தில் கனி பக்குவப்படுவது தெரிய முன் அதை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விற்பவரையும் தடுத்தார்கள், வாங்குபவரையும் தடுத்தார்கள். அல்லாஹ் அந்தக் கனியைத் தராமல் விட்டால், உன் சகோதரனின் பணத்தை எந்த உரிமையில் எடுப்பாய் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது.

அப்படியானால் முன்பணம் கொடுப்பதே கூடாதா? அதுவும் இல்லை. நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கனிகளுக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். அதை அவர்கள் ஒரேயடியாகத் தடுக்கவில்லை. அளவும் நிறையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். 'ஸலம்' என்று ஃபிக்ஹு நூல்கள் கூறும் வியாபாரம் இதுதான். விவசாயிக்குக் கைமுதல் கிடைக்கும். முன்பே காசு கொடுத்துக் காத்திருப்பவருக்கு விலை பெரும்பாலும் குறைவாக அமையும்.

இந்த விளையாட்டுகள் பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பணி. நான் கேட்பது ஒரு சாதாரணத் தாயின் கேள்வி: என்ன தருவார்கள், எவ்வளவு தருவார்கள், எப்போது தருவார்கள்? இந்த மூன்றில் ஒன்றுக்கும் ஏர்லி எக்ஸஸில் உறுதியான பதில் இல்லை. வேலை முடிவடையாமலே போகலாம் என்று ஸ்டீம் கடையே வாங்குபவரை எச்சரிக்கிறது. இப்போதுள்ள நிலையில் விளையாட விருப்பம் இல்லையென்றால் பொறுத்திருங்கள் என்றும் சொல்கிறது.

நடந்தவற்றைப் பாருங்கள். சுவீடனில் உருவான 'மைன்கிராஃப்ட்' முடியாமல் இருந்தபோது 2010இல் சுமார் 10 யூரோவுக்கு விற்றது. அவ்வருட டிசம்பரில் அடுத்த கட்டம் வந்ததும் விலையைச் சுமார் 15 யூரோ ஆக்கினார்கள். 2011 நவம்பரில் முழுமையாக வெளிவந்தது. முன்னே நம்பியவருக்கு மலிவு, பின்னே வந்தவருக்குக் கூடுதல். மனம் ஒப்புகிற கணக்கு இது.

'பால்டர்ஸ் கேட் 3' 2020 அக்டோபரில் முதல் அத்தியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு முழு விலையான 60 டொலரை வாங்கியது. ஆனால் 2023 ஆகஸ்டில் சொன்னபடி முடித்துக் கொடுத்தது. (அதன் உள்ளடக்கம் பிள்ளைகளுக்கு உகந்ததல்ல. நான் வியாபாரத்தை மட்டும் பேசுகிறேன்.)

ரொக்கட் கட்டிப் பறக்கவிடும் 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' கதை வேறு. முதலாவது விளையாட்டு அரைகுறையில் விற்பனைக்கு வந்து, 2015இல் அழகாக முடிந்தது. அந்தப் பெயரை நம்பி 2023 பெப்ரவரியில் இரண்டாவதை 50 டொலருக்குப் பலர் வாங்கினார்கள். 2024இல் அதைத் தயாரித்த சியாட்டில் பிரிவு மூடப்பட்டது. பலர் சேர்ந்து விளையாடும் வசதி, தூர நட்சத்திரங்களுக்குப் போகும் பயணம் என்று வாக்களித்த பலவும் அப்படியே நின்றுபோயின. முதல் மரம் இனித்தது என்பதற்காக இரண்டாவது மரம் காய்க்கும் என்று யார் பொறுப்பு நிற்பது?

அதைவிட மோசம் 'த டே பிஃபோர்'. 2023 டிசம்பர் 7ஆம் திகதி 40 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 11ஆம் திகதி, நான்கே நாளில், நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார்கள். வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது ஓர் ஆறுதல்.

இந்த நான்கிலிருந்தும் நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். விலை கூடியதா குறைந்ததா என்பது இரண்டாவது கேள்வி. இன்று கையில் என்ன இருக்கிறது என்பதே முதலாவது. இன்று இருப்பதற்கு அந்த விலை தகுமென்றால் வாங்கலாம். "நாளைக்கு வரும்" என்பதற்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது.

ஆகவே மகன் அடுத்த முறை கேட்கும்போது ஏசாதீர்கள், கார்டையும் உடனே நீட்டாதீர்கள். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். "இதில் இப்ப என்ன இருக்கு மகன், எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். விளையாட்டு அவனுடைய வயதுக்கு ஏற்றதா என்று பாருங்கள். கடைசியாக எப்போது வேலை செய்து புதுப்பித்தார்கள் என்று தேடச் சொல்லுங்கள். வாங்கியவர்கள் எழுதிய குறைகளை வாசிக்கச் சொல்லுங்கள். "இதோடு வேலை நின்றுவிட்டாலும் உங்களுக்குச் சந்தோஷமா?" என்று கேளுங்கள். அவன் தயங்கினால் அதுவே பதில். வாங்கத்தான் வேண்டுமென்றால் அவனுடைய பெருநாள் காசிலிருந்து பாதியைப் போடச் சொல்லுங்கள். தன் காசு போகும்போது கணக்கு தானாக வரும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஸ்டீமில் 2015 ஜூன் முதல் ஒரு வசதி இருக்கிறது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவே விளையாடியிருந்தால், திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். வாங்கிய அன்றே இதை மகனுக்குச் சொல்லிவையுங்கள். இரவெல்லாம் விளையாடிவிட்டுக் காலையில் அழுவதில் பயன் இல்லை.

பிள்ளை பொறுத்திருந்தால் பெரும்பாலும் அதே விளையாட்டு குறை தீர்ந்து, சில வேளை மலிவு விற்பனையிலும் வரும். ஆனால் மிச்சமாவது 15,000 ரூபாய் மட்டுமல்ல. பிறர் அவசரப்படுத்தும்போது அவசரப்படாமல் நிற்கும் ஒரு பழக்கமும் அவனுக்குக் கிடைக்கிறது. நாளைக்குக் காணியோ கலியாணமோ வியாபாரமோ பேசும்போது அந்தப் பழக்கம் அவனைக் காப்பாற்றும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்கு ஸப்ரையும், நம் செல்வத்தில் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.