அந்த வீடியோவைக் காட்டிப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நாற்பது நிமிஷ பீரியட் முழுக்க என் பேச்சைக் கேட்டவர்கள் நீங்கள். இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

ஒரு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் ஒரே வீடியோதான் சுற்றுகிறது. இமயமலை ரோட்டில் ஒருவர் சக்கரம் மாட்டிய சின்ன வண்டியில் மல்லாக்கப் படுத்தபடி சரிவில் பறந்து வருகிறார். எதிரே லாரி வருகிறது, ஆட்டு மந்தை வருகிறது, நடுவில் புகுந்து போகிறார். கீழே ஒரு வாசகம்: "எந்த வசதியும் இல்லாமல் இவர் ஒலிம்பிக் போனார். எல்லா வசதியும் உள்ள நீ என்ன கிழித்தாய்?"

இதைத் தன் பேரனிடம் காட்டியதாகவும், அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டதாகவும் உறவினர் ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார். அதற்குப் பதினெட்டு கைதட்டல். அதைப் பார்த்துத்தான் இந்தப் பதிவு. அந்த வீடியோவைப் பார்த்துத் தலைகுனிய வேண்டியது பேரன் அல்ல. பெரியவர்களாகிய நாம்தான்.

முதலில் அவர் யார் என்று தெரிந்துகொள்வோம். அவர் பெயர் சிவ கேசவன். ஊர் இமாசலப் பிரதேசத்தில் மணாலி பக்கம் வசிஷ்ட் கிராமம். அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலி நாட்டவர். அவருடைய விளையாட்டின் பெயர் லூஜ். பனிக்கட்டியால் கட்டிய வளைந்த தடத்தில் தனி ஆளாக மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டிக்கொண்டு சறுக்கி இறங்க வேண்டும். இதற்கு அண்ணன் மாதிரி ஒன்று உண்டு, பாப்ஸ்லே. அதில் இரண்டு பேரோ நான்கு பேரோ வண்டிக்குள் உட்கார்ந்து போவார்கள், முன்னால் இருக்கும் பைலட் கயிற்றைப் பிடித்து ஓட்டுவார். இரண்டிலும் வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். லூஜில் நேரத்தை வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுவார்கள்.

சிவ கேசவன் 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் இறங்கியபோது வயது 16. பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பையனின் வயது. அதன் பிறகு 2002, 2006, 2010, 2014, 2018 என்று மொத்தம் ஆறு குளிர்கால ஒலிம்பிக். 20 வருஷம். ஆசிய அளவில் 2011, 2012, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் தங்கம். ஒலிம்பிக்கில் அவருடைய சிறந்த இடம் 2006-இல் வந்த 25.

"25-ஆவது இடம்தானா? இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று ஒரு தம்பி குழுவில் கேட்டிருந்தான். நல்ல கேள்விதான், தம்பி. ஆனால் மார்க்கை மட்டும் பார்த்துப் பிள்ளையை எடை போடாதே என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எந்த வீட்டிலிருந்து, என்ன சாப்பிட்டுவிட்டு, எந்த விளக்கில் படித்து வந்தான் என்றும் பார்க்க வேண்டும்.

அதையும் பார்த்துவிடுவோம். பாப்ஸ்லேயில் சமீப காலத்தின் பெரிய பைலட் ஜெர்மனியின் பிரான்செஸ்கோ பிரீட்ரிக். 2018, 2022 ஒலிம்பிக்குகளில் மொத்தம் நான்கு தங்கம். பெரிய திறமைசாலி, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் பிறந்த பிர்னா ஊருக்குப் பக்கத்திலேயே ஆல்டன்பெர்க் பனித்தடம் இருக்கிறது. அந்த ஒரு நாட்டில் மட்டும் இப்படி நான்கு தடம் கட்டினார்கள். அவருக்கு மத்தியப் போலீசில் வேலை. சம்பளமும் உண்டு, பயிற்சிக்கு நேரமும் உண்டு. 2022 பெய்ஜிங்கில் பனித்தடப் போட்டிகளில் இருந்த பத்துத் தங்கத்தில் ஒன்பதை ஜெர்மனி அள்ளியது. ஜெர்மன்காரன் ரத்தத்தில் பனி ஓடுகிறதா என்ன? தடம் கட்டினான், வேலை கொடுத்தான், பிள்ளை ஜெயித்தது.

இந்தியாவில் எத்தனை தடம்? ஒன்றுகூட இல்லை. அதனால்தான் அவர் சக்கரம் மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். ஆசையால் அல்ல, வேறு வழி இல்லாததால். ஒலிம்பிக் போகப் பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டியிருந்தது.

ரோட்டுப் பயிற்சியைப் "சாகசம்" என்று ரசிக்கிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010 வான்கூவர் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, லூஜ் பயிற்சியில் ஜார்ஜியா நாட்டின் நோடர் குமாரிதாஷ்விலி தடத்திலிருந்து தூக்கி வீசப்பட்டு, இரும்புத் தூணில் மோதி இறந்துபோனார். வயது 21. சிவ கேசவன் கலந்துகொண்ட அதே போட்டி. முறையாகக் கட்டிய தடத்திலேயே உயிர் போகிற விளையாட்டு இது. அதை லாரி வருகிற ரோட்டில் ஒருவன் பழக வேண்டி வந்தது என்றால், அது பிள்ளைகளுக்குப் பாடமா, நமக்கு வெட்கமா?

இன்னும் கேளுங்கள். 2014 சோச்சி ஒலிம்பிக். இந்திய ஒலிம்பிக் சங்கம் தேர்தல் குளறுபடியால் சர்வதேசக் கமிட்டியால் தடை செய்யப்பட்டிருந்தது. தொடக்க விழாவில் சிவ கேசவனும் மற்ற இரண்டு இந்திய வீரர்களும் நம் தேசியக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். பிப்ரவரி 8, 9 தேதிகளில் அவர் போட்டி முடிந்தது. 11-ஆம் தேதி தடை நீங்கியது. இரண்டே நாள். இத்தாலி அணிக்கு வா என்று அழைப்பு வந்தும் போகாமல் இந்தியாவுக்காகவே ஓட்டியவர் அவர். அவருக்குக் கொடி கிடைக்காமல் செய்தது பனியா, வறுமையா? நாற்காலிச் சண்டை. அர்ஜுனா விருது 2020-இல் வந்தது, அவர் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு.

"நம்ம ஊரில் பனியே கிடையாது, இந்த விளையாட்டு நமக்கு எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. ஜமைக்காவிலும் பனி கிடையாது. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் அவர்களுடைய நால்வர் பாப்ஸ்லே கவிழ்ந்தது. பைலட் டட்லி ஸ்டோக்ஸ், அந்நாட்டு ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். அதை வைத்து ஹாலிவுட்டில் படம் எடுத்தார்கள், உலகமே கண் கலங்கியது. ஆனால் 1994-இல் அதே ஸ்டோக்ஸ் ஓட்டிய நால்வர் வண்டி 14-ஆவது இடம் வந்து அமெரிக்காவையே பின்னுக்குத் தள்ளியது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆறு வருஷம் விடாமல் உண்மையான தடங்களில் ஓட்டியதன் பலன் அது. நமக்கோ கவிழ்ந்த கதைதான் பிடிக்கிறது. கண்ணீர் விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கட்டிக் கொடுத்ததால் ஜெயித்த கதை பிடிப்பதில்லை. அது நம்மிடம் செலவு கேட்கும்.

சங்கரன்கோவிலில் பனித்தடம் கட்டச் சொல்லவில்லை. கரிசல் வெயிலில் ஐஸ் பெட்டியே திணறுகிற ஊர் இது. நான் கேட்பது வேறு.

என்னிடம் படித்த ஒரு பெண். பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பில் ஓட்டத்தில் பையன்களையும் முந்துவாள். வட்டாரப் போட்டியில் முதலிடம், அதுவும் வெறுங்காலில். மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போக ஆள் இல்லை, பஸ் செலவுக்குப் பணம் ஒதுக்க முடியாது என்று அந்தப் பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள். நான் கூட்டிப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதி வரவில்லை. இன்றைக்கு அவள் விசைத்தறியில் நிற்கிறாள். அவளிடம் போய் "வசதி இல்லாமலே ஒருத்தர் ஒலிம்பிக் போனார் பார்" என்று இந்த வீடியோவைக் காட்ட உங்களில் யாருக்குத் தைரியம் இருக்கிறது?

கஷ்டத்தைத் தாண்டி ஒருவர் வந்துவிட்டார் என்றால், தாண்ட முடியாமல் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். வந்தவரைக் காட்டி விழுந்தவரைத் திட்டுவது, குழியை மூடாமல் விட்டவன் தப்பிக்கிற வழி.

2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியராவது வேண்டும் என்றும் இருக்கிறது. சட்டப்படி உள்ளது, சலுகை அல்ல.

ஆகவே, பெற்றோராகிவிட்ட என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பி.டி. பீரியட் வாரத்தில் எத்தனை, அதில் கணக்குப் பாடம் நடத்துகிறார்களா? மைதானம் பிள்ளைகள் ஓடுவதற்கா, வண்டி நிறுத்துவதற்கா? போட்டிக்குப் போகிற பிள்ளைக்குப் பஸ் செலவு யார் தருகிறார்கள்?

பதில் வரும்வரை விடாதீர்கள். கூட்டத்துக்குப் போய்வந்தவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். லைக் வேண்டாம், கைதட்டல் வேண்டாம். பதில்தான் வேண்டும். வரிசையாகப் படித்துத் திருத்த நான் இருக்கிறேன், சிவப்பு மையும் இருக்கிறது.