செங்கலுக்குக் காவல், உழைத்தவருக்கு ஒரு பலகை!

அமெரிக்காவின் தென்பகுதியில், வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்றொரு நகரம். 'வின்ஸ்டன்', 'சேலம்' என்று ஊர்ப் பெயரை இரண்டாக்கி இரண்டு சிகரெட்டுக்குச் சூட்டி உலகெங்கும் விற்றார்கள்! 1875-ல் ஆர்.ஜே. ரேனால்ட்ஸ் என்ற முதலாளி இங்கே புகையிலைத் தொழிற்சாலை போட்டார். 1913-ல் 'கேமல்' சிகரெட் வந்தது. அதன்பின் ஊரே கம்பெனியின் ஊராயிற்று.

அந்த ஊரின் பழைய கட்டடங்கள் பலவற்றை இன்று அக்கறையோடு காத்து வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எதைக் காத்தார்கள், எதை இடித்தார்கள்?

முதலாளியின் மாளிகை ரேனால்டா, 1917-ல் கட்டியது. அது இன்று ஓவிய மியூசியம். 1929-ல் எழுப்பிய கம்பெனித் தலைமையகத்துக்குப் படம் போட்டவர்களே பிறகு நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கும் படம் போட்டார்கள். அந்தத் தலைமையகத்தில் 2016 முதல் ஹோட்டல் நடக்கிறது. பழைய ஆலைக் கட்டடங்களில் வசதி படைத்தோர் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள்.

ஊரின் கிழக்கே கறுப்பினத் தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் நீளும் மர வீடுகள் அவை. 1950-களிலும் 60-களிலும் நெடுஞ்சாலை என்றும் நகரப் புனரமைப்பு என்றும் சொல்லி வீதி வீதியாகத் தரைமட்டமாக்கினார்கள். அந்த வீடுகளை மியூசியமாக்க யாருக்கும் தோன்றவில்லை!

பள்ளிக்கூடங்களிலும் இதே கதை. குன்றின்மேல் ரேனால்ட்ஸ் பெயரில் உயர்நிலைப் பள்ளி, 1923-ல். வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டும். 1957 வரை அங்கே ஒரு கறுப்பினப் பிள்ளையும் படிக்க முடியவில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று அட்கின்ஸ் பள்ளி திறக்க 1931 ஆயிற்று. புகையிலைத் தூசியில் பாடுபட்ட தாய்மார்கள் தம் பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய பள்ளி அது.

ஏலக் கிடங்குகளைப் பற்றி விவசாயத் தோழர்களுக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை. வாரத்துக்குப் பயிரிட்டவன் வருஷ உழைப்பைக் குவியலாகப் பரப்பி வைப்பான். கம்பெனிக்காரன் நடந்துகொண்டே சில விநாடியில் விலை முடித்துவிடுவான். நிலக்காரன் பங்கும் உரக்கடனும் போக மீதியைக் கையில் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுக்கும் வேலை பெரும்பாலும் கறுப்பினப் பெண்களுக்கு. பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்த ஆலைத் தோழர்களுக்கு அந்த அறை எப்படியிருக்கும் என்று தெரியும். 1943 ஜூன் 17-ந் தேதி, 65-வது ஆலையில் அந்தப் பெண்கள் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கே ஆலையில் நோயுற்ற ஒரு தொழிலாளி சுருண்டு விழுந்து இறந்தார். வேலை நிறுத்தம் ஆலைக்கு ஆலை பரவியது. 22-வது கிளைச் சங்கம் பிறந்தது. 1944-ல் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது!

சங்கம் கூலியோடு நிற்கவில்லை. வோட்டர் ஜாபிதாவில் கறுப்பின மக்களைச் சேர்த்தது. 1947-ல் கென்னத் வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பாதிரியார் வெள்ளை வேட்பாளரைத் தோற்கடித்து நகரசபைக்குப் போனார். பொறுக்குமா முதலாளிக்கு? அதே ஆண்டு மீண்டும் வேலை நிறுத்தம் வந்தபோது, "கம்யூனிஸ்ட்! கம்யூனிஸ்ட்!" என்று பத்திரிகையும் வாஷிங்டன் விசாரணைக் கமிட்டியும் ஒன்றாகக் கூச்சலிட்டன. சங்கத் தலைவர்களில் கம்யூனிஸ்ட்கள் இருந்தது உண்மைதான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? 1950 தேர்தலில் மிகச் சொற்ப வோட்டில் சங்கம் அங்கீகாரத்தை இழந்தது. சங்கத்தின் வீரத் தலைவி மொராண்டா ஸ்மித்தும் அதே ஆண்டு காலமானார்.

2013-ல்தான் மாநில சர்க்கார் தெருவோரத்தில் இந்தச் சங்கத்துக்கு ஒரு பலகை நட்டது. எழுபது ஆண்டு கழித்து, சில வரிகள்! அதையும் வரவேற்போம். ஆனால் ஹோட்டலாகவும் குடியிருப்பாகவும் மாறிய கட்டடங்களில் நுழைகிறவர்களுக்கு, அங்கே என்ன கூலிக்கு யார் உழைத்தார்கள், எந்த நாளில் எதற்காக உட்கார்ந்தார்கள் என்பதை வாசற்சுவரிலேயே எழுதி வைக்கட்டும். வாடகை வாங்குகிறவர்கள் அந்தச் செலவை ஏற்கட்டும்!