கூட்டுக்கிணற்று முறையும் லேசர் தூரமானியும்

கூட்டுக்கிணறுகளில் பங்காளிகள் மணிக்கணக்காக முறை வைத்து இறைத்துக்கொள்வது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். மின்சார மோட்டார் வந்த பின் அவ்வழக்கத்தில் ஒரு குறை தோன்றிற்று. மின்னழுத்தம் தாழ்ந்த வேளையில் இறைப்பவருக்கும், நிறைந்த வேளையில் இறைப்பவருக்கும் ஒரே மணி நேரத்தில் கிடைக்கும் ஜலம் ஒன்றாயிராது. ஆகவே, வாய்க்காலின் தலைப்பில் முக்கோண வெட்டுள்ள தகட்டை நிறுத்தி, அவ்வெட்டின் வழியே செல்லும் நீரின் உயரத்தை லேசர் தூரமானி என்னும் சிறு கருவியால் மேலிருந்து அளந்து, லிட்டர் கணக்கில் முறை வகுக்கலாம் என்னும் யோசனை எழுந்துள்ளது. யோசனை நல்லதே. ஆயினும் அக்கருவி காட்டும் எண்ணை அந்த இடத்திலேயே ஒத்திட்டுப் பாராமல் முறைப் புத்தகத்தில் ஏற்றுவது, பழைய மணிக்கணக்கிலும் பெரிய அநியாயத்துக்கு இடங்கொடுக்கும்.

“பிழை இருந்தாலும் எல்லாருக்கும் பொதுவாகத்தானே இருக்கும்?” என்று கேட்பவர் உளர். கேள்வி நியாயமாகத் தோன்றினும் கணக்கு வேறு விதமாகச் செல்கிறது. தகட்டின் வழியே செல்லும் ஜலம் உயரத்தின் இரண்டரை அடுக்குக்கு ஏற்பப் பெருகுவது. 90 பாகை வெட்டில் 10 சென்டிமீட்டர் உயரம் நின்றால் விநாடிக்குச் சுமார் 4.4 லிட்டர் செல்லும். கருவி அதை 11 என்று காட்டினால் கணக்கில் 5.5 லிட்டர் ஏறும். ஒரு மணி நேரத்தில் சுமார் 4,200 லிட்டர் ஜலம், பாயாமலே ஒருவர் பேரில் பற்றெழுதப்படுகிறது. இது நூற்றுக்கு 27 வீதம் மிகை. கிணற்று நீரோ மின்னழுத்தமோ தாழ்ந்து, வெட்டில் 7 சென்டிமீட்டரே நிற்கும்போது அதே ஒரு சென்டிமீட்டர்ப் பிழை நூற்றுக்கு 40 வீதம் ஆகிவிடும். எவருக்குக் குறைந்த ஜலம் கிடைத்ததோ அவர்மீதே அதிகப் பற்று விழுகின்றது.

இப்பிழை வரும் வழிகள் பல. தூரமானி கண்ணுக்குப் புலனாகாத ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் காலத்தைக் கொண்டு தூரத்தைக் கணிக்கின்றது. ஒளி ஒரு விநாடியில் ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஒரு மில்லிமீட்டர் தூரம் போய்வர ஆகும் காலம் ஒரு விநாடியை இலட்சங்கோடிப் பங்காக்கினால் அதில் சுமார் 7 பங்கே. இத்தனை நுண்மையான கணக்கில், கருவியின் முன் பொருத்திய கண்ணாடியில் படியும் தூசியும் பனியும் சிறிது ஒளியைத் திருப்பிவிட்டாலே தூரம் குறைந்து தோன்றும். ஜலம் உயர்ந்ததாக எழுதப்படும். ஜலத்தின் மேற்பரப்போ நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 2 பங்கையே திருப்புகிறது. மீதி உள்ளே புகுந்து அடித்தரையிலிருந்தும் திரும்பக்கூடும். ஒளி ஒரே கோடாகச் செல்வதுமில்லை. 27 பாகை விரிவுடைய கருவியை 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால், கீழே ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத்தை அது பார்க்கும். குறுகிய வாய்க்காலில் கரைச்சுவரும் அதற்குள் அடங்கிவிடும். வெயில் நேரே படுமானால் எண்கள் மேலும் தடுமாறும்.

ஆதலால் தகட்டிலிருந்து சற்று மேற்புறத்தில், அடியில் துளையால் வாய்க்காலோடு தொடர்புடைய அகன்ற பக்கத்தொட்டி கட்டி, அதில் வெள்ளை வர்ணம் பூசிய மிதவைப் பலகையை விட்டு, மேலே நிழற்கூரை போட்டுக் கருவியை அமைப்பது உத்தமம். இதற்காகும் செலவை வீண் என்று தள்ளுவோர் கருவியையே வாங்காதிருப்பது நலம்.

ஒத்திட்டுப் பார்ப்பதில் முக்கியமானது பூஜ்யம். முக்கோண வெட்டின் கூர்முனை மட்டத்தை ரசமட்டத்தால் பக்கத்தொட்டிச் சுவருக்குக் கொண்டுவந்து குறியிட்டு, ஜலத்தை அக்குறிவரை நிறுத்தி, கருவி காட்டும் தூரத்தை 20 தடவை எடுத்துச் சராசரி காணவேண்டும். அதுவே பூஜ்யத் தூரம். நாடாவால் அளந்த தூரத்தை அதற்குப் பதிலாக வைத்தல் கூடாது. பிற்பாடு காட்டும் தூரத்தை இதிலிருந்து கழித்தால், கருவியின் நிலையான பிழையும் மிதவையின் கனமும் தாமே அகன்றுவிடும்.

எஞ்சுவது விகிதப் பிழை. மெய்யான 30 சென்டிமீட்டரை 31 ஆகவும், 60-ஐ 61 ஆகவும் காட்டினால் அது நிலையான பிழை, 30-ஐ 30.6 ஆகவும், 60-ஐ 61.2 ஆகவும் காட்டினால் விகிதப் பிழை. ஒரே தூரத்தில் மாத்திரம் பார்த்தவருக்கு இவ்விரண்டில் எது என்று விளங்காது. ஆகையால் எஃகு அளவுகோலை வைத்து மூன்று நான்கு தூரங்களில் பார்ப்பது அவசியம். நூற்றுக்கு 2 விகிதப் பிழை ஜலக்கணக்கில் 5 ஆக விரியும். ஆனால் அது பங்காளிகள் அனைவருக்கும் ஒரே விகிதமாதலால் பங்கீட்டைக் கெடுக்காது. ஜலத்தை லிட்டர் கணக்கில் வெளியாருக்கு விற்பவரே அதற்கு அஞ்சவேண்டும்.

விற்பனையாளர் “தொழிற்சாலையிலேயே சரிசெய்தது” என்பர். அது வெறுங்கருவியைப் பொறுத்தமட்டில் உண்மையாயிருக்கலாம். அதன்மேல் பொருத்திய கண்ணாடிக்கும், கிராமத்துத் தூசிக்கும், சித்திரை வெயிலுக்கும் தொழிற்சாலை பொறுப்பேற்பதில்லை. ஒலியால் அளக்கும் மலிவான கருவியை எடுப்போர் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். 25 பாகை வெப்பத்துக்கு அமைத்த கருவி 40 பாகை வெப்பத்தில் 2 மீட்டரைச் சுமார் 5 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டும்.

வாரம் ஒரு முறை கண்ணாடியைத் துடைத்து, பங்காளிகளில் இருவராவது முன்னிற்கப் பூஜ்யம் பார்த்து, தேதியுடன் முறைப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுதல் தகும். வழக்கு முற்றிய கிணறுகளில் கிராம நிர்வாக அலுவலரும் உடனிருந்தால் பின்னர் மறுப்புக்கு இடமிராது. பூஜ்யம் அரை சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால், சென்ற வாரத்து லிட்டர்க் கணக்கைத் தள்ளிவிட்டு, அந்த வாரத்துக்கு மட்டும் பழைய மணிக்கணக்கையே கொள்ளலாம்.