நட்டம் 2,960, மார்க்கு 25க்கு 23

மாட்டுத்தாவணின்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு பஸ் ஸ்டாண்டுதான் ஞாபகம் வரும். 1999ல திறந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கும் கொத்து பரோட்டா சத்தம் கேக்கும், பக்கத்துலயே ஆம்னி பஸ்காரங்க "சென்னை சென்னை"ன்னு கூவிக்கிட்டு இருப்பாய்ங்க. ஆனா பேரைக் கொஞ்சம் யோசிங்க. மாட்டுத்தாவணின்னா மாட்டுச் சந்தை. துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சே விலை பேசி முடிக்கிற யாவாரம். அப்பேர்ப்பட்ட இடத்துக்கு நாங்க அஞ்சு பேரு பவர்பாயிண்ட்டைத் தூக்கிக்கிட்டு தொழில் கத்துக்கப் போன கதைதான் இது. கதை மட்டும் இல்லீங்க, கொஞ்சம் புலம்பலும் சேர்த்துதான்.

2019. நான் பி.பி.ஏ. மூணாம் வருஷம். காலேஜ் பேரு வேணாம், மதுரையில எந்தக் காலேஜ்னு வேணா வச்சுக்கங்க, எல்லா இடத்துலயும் இதே கூத்துதான். தொழில்முனைவோர் மேம்பாடுன்னு ஒரு பேப்பர். அதுல குழு ப்ராஜெக்ட் ஒண்ணு, இன்டர்னல் 25 மார்க். அஞ்சஞ்சு பேரா சேர்ந்து ஒரு சின்ன யாவாரம் நிஜமாவே பண்ணி, அறிக்கை எழுதிக் குடுக்கணும். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

எங்க குழுவுல லீடர் ஒருத்தன், மேலூர்க்காரன் ஒருத்தன், உசிலம்பட்டிக்காரன் ஒருத்தன், திருமங்கலத்துப் பொண்ணு ஒண்ணு, அப்புறம் நானு. எனக்கு எக்ஸெல் தெரியும்கிறதால கணக்கு என் தலையில விழுந்துச்சு. ஐடியாவும் என்னோடதுதான். பெருமையா சொல்லல, பின்னாடி திட்டுறதுக்கு வசதியா இருக்கும்னு சொல்றேன்.

ஐடியா இதுதான். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, உலகமே கொண்டாடுது. மார்க்கெட்டு மாட்டுத்தாவணியிலயே இருக்கு. பஸ் ஸ்டாண்டும் மாட்டுத்தாவணியிலயே இருக்கு. விநாயகர் சதுர்த்தி செப்டம்பர் 2, திங்கக்கிழமை. முந்தின நாள் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போற கூட்டம் அலைமோதும். காலையில பூ வாங்கி, கட்டக் குடுத்து, வாழை இலையில அழகா மடிச்சு, "மதுரை மல்லி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி, பஸ் ஏறுறவங்ககிட்ட வித்துர வேண்டியது. முழம் 40 ரூபாய்.

திட்டக் கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. 4 கிலோ உதிரிப்பூ, கிலோ 500 வீதம் 2,000. கட்டுகூலி கிலோவுக்கு நூறு, மொத்தம் 400. இலை, நார், ஸ்டிக்கர் 300. ஆக 2,700. கிலோவுக்கு 30 முழம், மொத்தம் 120 முழம், வரவு 4,800. லாபம் 2,100. ஆளுக்கு ஆயிரம் போட்டு 5,000 ரூபா முதல். எதுக்கும் கையில மிச்சம் இருக்கட்டும்னு கூடுதலாவே வச்சுக்கிட்டோம். எவ்வளவு முன்ஜாக்கிரதை பாருங்க :-)

உசிலம்பட்டிக்காரன் வீட்டுல மல்லித் தோட்டம் இருக்கு. அவன் மட்டும் ஆரம்பத்துலயே சொன்னான். "டேய், பண்டிகைக்கு முதநாளு பூவு அந்த வெலைக்குக் கெடைக்காதுடா." எக்ஸெல்ல விலைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்துச்சு. ரெண்டு வார விலையை விசாரிச்சு சராசரி எடுத்து அதுல போட்டிருந்தேன். "சராசரி எடுத்தாச்சுடா, விடு"ன்னுட்டேன். மூணு தலைமுறையா பூவோட பொழைக்கிற வீட்டுப் பையன் பேச்சைவிட என் கட்டம் பெருசாத் தெரிஞ்சிருக்கு எனக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில மார்க்கெட்டுக்குப் போனா கிலோ 1,100. முகூர்த்தமும் பண்டிகையும் சேர்ந்தா அப்படித்தான், அங்க இருந்த யாருக்குமே அது அதிசயமாத் தெரியல. கமிஷன் கடை அண்ணாச்சி எங்களை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "இன்னைக்கு வாங்காதீங்க தம்பி, நாளைக்கழிச்சு வாங்க"ன்னாரு. நாளைக்கழிச்சுன்னா அறிக்கை குடுக்க வேண்டிய நாள். வாங்கினோம். 4,400 போச்சு. கட்டுறவங்க அன்னைக்குக் கிலோவுக்கு 150 கேட்டாங்க, 600. இதர செலவு 300. மொத்தம் 5,300. மேல இருந்த 300ஐ லீடர் கையை விட்டுப் போட்டான்.

30 முழம்னு நான் எழுதினது கிலோவுக்கு 22 முழம்தான் வந்துச்சு. முழம்கிறது யாரோட கைன்னு நான் கேக்கவே இல்ல. கட்டினவங்க நல்லா வளர்ந்த ஆளு.

மல்லியோட சங்கதி என்னன்னா, விடியக்காலம் மொட்டாப் பறிப்பாங்க, அந்தி சாயும்போது மலர ஆரம்பிக்கும். மொட்டா இருக்கிற வரைக்கும்தான் விலை. ஏழரை மணிக்கு எங்க பூவெல்லாம் ஜம்முனு மலர்ந்து மணக்குது, நாங்க வாடிப்போய் நிக்கிறோம். பஸ் ஏறுற பொம்பளைங்க பாதிப் பேரு வீட்டுல இருந்தே வச்சுக்கிட்டு வந்திருந்தாங்க. இது எந்த சர்வேயிலயும் எங்களுக்குத் தட்டுப்படல. ஏன்னா சர்வே எடுத்தது ஹாஸ்டல்ல. 40 ரூபாய்க்கு 51 முழம் போச்சு. ஒன்பது மணிக்கு மேல 20 ரூபாய்னு கூவி 15 முழம். மிச்சம் 22 முழம். வரவு 2,340. நட்டம் 2,960.

அங்க வழக்கமா பூ விக்கிற ஒரு அக்கா சாயங்காலத்துல இருந்து எங்களை முறைச்சுக்கிட்டே இருந்துச்சு. நாங்களும் அது பொழைப்புல மண்ணைப் போடத்தானே போயிருந்தோம். கடைசியில அதுவே கூப்பிட்டு, "ஏய்யா, மிச்சத்தை என் கூடையில போட்டுட்டு வீட்டுக்குப் போங்க"ன்னுச்சு. எவ்வளவு வாங்கினீங்கன்னு கேட்டுச்சு. நாலு கிலோன்னதும் சிரிச்ச சிரிப்பு இருக்கே! அந்த விலைக்கு அது அன்னைக்கு அரைக் கிலோதான் எடுத்திருக்கு. விலை ஏறுனா அளவைக் குறைச்சுக்கிரும், மலர்றதுக்குள்ள வித்துட்டுப் போயிரும். ஒரே வரி. எங்க பாடப் புத்தகத்துல அதுக்கு ஒரு அத்தியாயமே இருக்கு, படிச்சு மார்க்கும் வாங்கியிருந்தோம்.

உடனே "படிப்பெல்லாம் வேஸ்ட்டு, பூக்காரம்மாதான் நிஜ எம்.பி.ஏ."ன்னு நான் சொல்லப் போறேன்னு நினைச்சுராதீங்க. அந்த மாதிரி உருக்கமெல்லாம் எனக்கு ஆகாது. அதே அக்கா காலையில தண்டல்காரன்கிட்ட 900 வாங்கி சாயங்காலம் 1,000 கட்டுது. ஒரு நாளைக்கு 11 சதவீதத்துக்கு மேல வட்டி. அதை உக்காந்து கணக்குப் போட்டுச் சொல்றதுக்கு ஒரு பி.பி.ஏ. பையன் தேவைதான். 2020ல பி.எம். ஸ்வநிதின்னு தெருவோர யாவாரிகளுக்கு முதல் கடன் 10,000 குடுக்கிற திட்டம் வந்துச்சு. அதுக்கு எழுதிப் போட்டுக் குடுத்தா அது ஒரு ப்ராஜெக்ட். நாங்க ஸ்டிக்கர் அடிச்சுக்கிட்டு இருந்தோம்.

சரி, மேட்டருக்கு வர்றேன். நட்டம் எனக்குப் பெருசு இல்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான்.

நட்டத்தை அஞ்சாப் பிரிச்சா ஆளுக்கு 592 ரூபா. மேலூர்க்காரன் அன்னைக்கு வரவே இல்ல, ஊர்ல விசேஷம்னுட்டான். அவன் சொன்னான், "நான்தான் விக்கவே இல்லையே, எனக்கு எதுக்கு நட்டம்? என் ஆயிரத்தைக் குடுங்க." லாபம் வந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பானா? ஆனா அவனைக் குத்தம் சொல்லவும் முடியல. நட்டம் வந்தா யாரு எவ்வளவுன்னு நாங்க ஒரு வரிகூட எழுதி வைக்கல. லாபத்தைப் பிரிக்கிறதுக்கு மட்டும் வட்டமா ஒரு கலர் படம் போட்டிருந்தேன். திருமங்கலத்துப் பொண்ணு வாயே திறக்கல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுச்சு, அது போட்ட ஆயிரம் அவங்க அம்மா மகளிர் குழுவுல எடுத்த கடன்ல இருந்து வந்ததுன்னு. எனக்கு அது பாக்கெட் மணி. அதுக்கு ரெண்டு மாசத் தவணை.

அறிக்கையைக் கொண்டுபோய் சார்கிட்ட காட்டினோம். நல்ல மனுஷன்தான். அவருக்கு 60 பசங்க, 12 குழு. "நட்டம்னு எழுதினா வெளியில இருந்து வர்றவரு கேள்வி மேல கேள்வி கேப்பாரு. திட்டத்துல இருக்கிற நம்பரையே போட்டுக்கங்கப்பா"ன்னாரு. நான்தான் போட்டேன். ராத்திரி உக்காந்து, 120 முழம் வித்த மாதிரி பில்லு, 2,100 லாபம், கலர் கலரா பட்டை வரைபடம். 25க்கு 23. எங்க வகுப்புல நட்டத்தை நட்டம்னே எழுதிக் குடுத்த குழு ஒண்ணு இருந்துச்சு, சுண்டல் போட்ட பசங்க. அவிங்களுக்கு 14.

இப்பச் சொல்லுங்க, தொழில்முனைவோர் மேம்பாட்டுல நான் என்ன கத்துக்கிட்டேன்? கணக்கை எழுதுறதுக்கா, திருத்துறதுக்கா?

இது எங்க காலேஜு கதை மட்டும் இல்ல, ஊர் ஊரா இதே பாட்டுதான்னு பல காலேஜ் நண்பர்கள்கிட்ட பேசினதுல தெரிஞ்சுச்சு. குழு ப்ராஜெக்ட்டுன்னா பேச்சுத் திறமைக்கும் ஸ்லைடுக்கும்தான் மார்க்கு. ஸ்டான்போர்டுல டினா சீலிக்னு ஒரு பேராசிரியர் குழுக்களுக்கு ஒரு கவர்ல 5 டாலர் வச்சுக் குடுத்து, ரெண்டு மணி நேரத்துல எவ்வளவு சம்பாதிக்கிறீங்கன்னு பார்ப்பாங்க. ஒரு குழு அந்த 5 டாலரைத் தொடவே இல்ல. வகுப்புல தங்களுக்குக் குடுத்த மூணு நிமிஷப் பேச்சு நேரத்தை, அங்க ஆள் எடுக்க நினைச்ச ஒரு கம்பெனிக்கு 650 டாலருக்கு வித்துட்டாய்ங்க. கெட்டிக்காரத்தனம்தான், நம்ம ஊரு மேடைகள்லயும் இந்தக் கதை ஓடுது. எனக்கு என்ன சந்தேகம்னா, 5 டாலர் தொலைஞ்சா அங்க யாருக்கு வலிக்கும்? அது புத்தியைக் கூர் தீட்டுற பயிற்சி. வலியைப் பத்தி அது ஒண்ணும் சொல்லித்தராது.

பாஸ்டன் பக்கத்துல பாப்சன் காலேஜ்ல பண்றது எனக்குப் பிடிச்சிருக்கு. முதல் வருஷப் பசங்க குழுவுக்குக் காலேஜே கடன் குடுக்குது. நிஜ யாவாரம் பண்ணி, கடனைத் திருப்பி, மிஞ்சின லாபத்தை அறப்பணிக்குக் குடுத்துரணும். பின்லாந்துல யுவாஸ்குலாங்கிற ஊர்ல 1993ல ஆரம்பிச்ச டீமிஅகாடெமியா இன்னும் ஒரு படி மேல. பசங்க குழுவா சேர்ந்து நிஜமாவே ஒரு கூட்டுறவுக் கம்பெனியைப் பதிவு பண்ணி, நிஜ வாடிக்கையாளருக்கு வேலை பார்த்துத்தான் படிப்பை முடிக்கணும். வாத்தியாருக்குப் பதிலா பயிற்சியாளர். அங்க குழுன்னா மார்க்குக்காக ஒட்ட வச்ச அஞ்சு பேரு கிடையாது. வரவு செலவுக்குச் சேர்ந்தே பதில் சொல்லணும்.

அவ்வளவு தூரம் எதுக்குங்க? மாட்டுத்தாவணில இருந்து அண்ணா நகர் எவ்வளவு தூரம்? 1976ல அங்கதான் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. அரசு வேலையில இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், 58 வயசு. கூட நின்ன குழு தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரருன்னு சொந்த பந்தம். வீட்டை அடமானம் வச்சு ஆரம்பிச்ச தொழில் அது. 1993ல ஹார்வர்டுலயே அதைக் கேஸ் ஸ்டடி ஆக்கிட்டாங்க. எங்களுக்கும் அந்தக் கேஸ் ஸ்டடி உண்டு. எத்தனை ஆப்பரேஷன், செலவு எப்படிக் குறைஞ்சுச்சு, எல்லாம் மனப்பாடம். அடமானப் பத்திரத்துல கையெழுத்துப் போட்ட ராத்திரி அந்த வீட்டுல யாரு யாருகிட்ட என்ன பேசியிருப்பாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. குழுவாத் தொழில் பண்றதுன்னா எனக்கென்னமோ அந்த ராத்திரிதான் பாடம்னு தோணுது.

இப்போ 2022ல இருந்து நான் முதல்வன் இருக்கு, மதுரையிலயே ஸ்டார்ட்அப் டி.என். வட்டார மையம் இருக்கு. வசதி முன்னைக்கு எவ்வளவோ பரவால்ல. இதெல்லாம் வந்தும் வகுப்பறையில லாபத்துக்கு மார்க்குன்னு இருக்கிற வரைக்கும் என்னை மாதிரி ஒருத்தன் ராத்திரி உக்காந்து பில்லு தயார் பண்ணிக்கிட்டுத்தான் இருப்பான்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்லைடைத் தூக்கிப் போட்டுட்டு நோட்டைத் திருத்துங்க. அன்னன்னைக்கு எழுதின, காப்பித் தண்ணி சிந்தின, அடிச்சுத் திருத்தின கணக்கு நோட்டு. நட்டத்தை ஒழுங்கா எழுதி, எந்த இடத்துல கவுந்தோம்னு சொல்ற குழுவுக்கு 25க்கு 25 போடுங்க. முதல் நாளே நட்டப் பங்கு எழுதிக் கையெழுத்து வாங்குங்க. வரலைன்னாலும் பங்கு உண்டு, இல்லைன்னா குழுவுல பேரு கிடையாது. முதலைக் காலேஜே கடனாக் குடுக்கட்டும், குழுவுக்கு மூவாயிரமோ அஞ்சாயிரமோ. நேர்மையான கணக்குக்கு நட்டத்துல ஒரு பங்கைக் காலேஜே ஏத்துக்கட்டும். "சும்மா குடுத்தா பசங்களுக்கு அருமை தெரியாது"ன்னு ஒரு சார் சொன்னாரு. சும்மா வேணாம் சார், கடனாத்தான். மிச்சம் பசங்க கையை விட்டுப் போகட்டும், வலிக்கட்டும். ஆனா அந்த வலி திருமங்கலத்துல ஒரு அம்மாவோட தவணை அட்டையில போய் விழக் கூடாது.

மேலூர்க்காரனுக்கு நாங்க ஆயிரத்தைத் திருப்பிக் குடுத்துட்டோம், நட்டத்தை நாலு பேரு 740ன்னு பிரிச்சுக்கிட்டோம். அந்தப் பொண்ணோட 740ஐ உசிலம்பட்டிக்காரன் சத்தமில்லாம போட்டுட்டான். ஆரம்பத்துலயே வேணாம்னு சொன்னவன். போன தைப் பொங்கலுக்கு மேலூர்க்காரன் திடீர்னு எனக்கு ஜிபேல 592 ரூபா அனுப்பியிருந்தான். என்னடான்னு கேட்டா, இப்போ அவன் ரெண்டு பேரோட கூட்டா ஹார்டுவேர் கடை வச்சிருக்கானாம், ஒரு கூட்டாளி சரக்கு வந்த அன்னைக்கு வரலையாம்.

பி.கு: அந்த அக்காவோட கைக்கு முழம் எவ்வளவுன்னு பின்னாடி அளந்து பார்த்தேன். கட்டினவங்க கையைவிட நாலு விரக்கடை கம்மி. கேட்டா, "பின்ன, சும்மாவா?"ன்னுச்சு.