பொதுக் கணினிக்கு எந்தப் பாதுகாப்பு மென்பொருள்? ‘ஆன்ட்டி வைரஸ் போட்டாச்சு’ என்பது மட்டும் போதுமா?

டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், கல்லூரி கவுன்சலிங், வருமானச் சான்றிதழ், பட்டா நகல், தீபத் திருவிழாவுக்கான இணையவழிச் சீட்டு… திருவண்ணாமலையில் ஒரு பிரவுசிங் சென்டர் கணினியில் ஒரே நாளில் இத்தனையும் நடக்கும். செங்கத்திலிருந்து வரும் மாணவரும், பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த வெளியூர்க்காரரும் அதே கீபோர்டில்தான் பாஸ்வேர்டு தட்டுகிறார்கள்.

இத்தனை பேர் தொடும் கணினிக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “ஆன்ட்டி வைரஸ் போட்டாச்சு சார்.” அது தேவைதான். ஆனால், பொதுக் கணினியைப் பொறுத்தவரை அது முதல் வேலை அல்ல.

வீட்டுக் கணினியிலிருந்து எப்படி மாறுபடுகிறது?

வீட்டுக் கணினிக்கு ஆபத்து வெளியிலிருந்து வரும். பொதுக் கணினியில் முந்தைய பயனாளர் விட்டுச் சென்றதே அடுத்தவருக்கு ஆபத்து. டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் ஆதார் பி.டி.எஃப்., லாக்-அவுட் செய்யாத வாட்ஸ்அப் வெப், பிரவுசர் சேமித்து வைத்த பாஸ்வேர்டு - இவை எதுவும் வைரஸ் இல்லை. எனவே, எந்த ஆன்ட்டி வைரஸும் இதைப் பார்த்து எச்சரிக்காது.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் வெளியிட்ட அறிவிப்பில், இன்டர்நெட் மையங்களின் பொதுக் கணினிகளில் இ-ஆதார் பதிவிறக்குவதைத் தவிர்க்கும்படியும், பதிவிறக்கினால் நகலை நிரந்தரமாக அழிக்கும்படியும் சொல்லப்பட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி மத்திய அரசு இரண்டே நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால், அது சுட்டிக்காட்டிய சிக்கல் அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் கணினியும் பிரின்டரும் இல்லாதவருக்கு வேறு வழி ஏது?

முதல் கேள்வி: இயங்குதளத்துக்கு அப்டேட் வருகிறதா?

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வானாக்ரை’ 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிகளை முடக்கியது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் சில கணினிகளும், கேரளத்தின் வயநாட்டில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போடாத கணினிகளும், அப்டேட் நின்றுபோன பழைய விண்டோஸும்தான் எளிதில் மாட்டிக்கொண்டன.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்குப் புதிய பாதுகாப்பு அப்டேட் வராது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 சிப் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் அது இல்லை. இந்த நிலையில், பழைய விண்டோஸின் மேல் விலை உயர்ந்த ஆன்ட்டி வைரஸை வாங்கிப் போடுவது, ஓட்டைக் கூரைக்குப் பெயின்ட் அடிப்பதுதான்.

இரண்டாவது: ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்புமா?

பொதுக் கணினிக்கு மிகவும் பயன்படுவது இந்த வகை மென்பொருள்தான். கனடாவின் ஃபாரோனிக்ஸ் நிறுவனத்தின் ‘டீப் ஃப்ரீஸ்’ இதில் பரவலாக அறியப்பட்டது. கணினியை ஒரு நல்ல நிலையில் ‘உறைய’ வைத்துவிட்டால், அதன் பிறகு யார் எதை டவுன்லோடு செய்தாலும், எதை இன்ஸ்டால் செய்தாலும், ரீஸ்டார்ட் செய்ததும் போய்விடும். விண்டோஸின் என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் ‘யூனிஃபைடு ரைட் ஃபில்டர்’ என்ற பெயரில் இதே வசதி உண்டு. சாதாரண புரோ பதிப்பில் கிடையாது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உறைந்த கணினியில் போடும் அப்டேட்டும் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும். வாரம் ஒரு முறையாவது உறைநிலையை எடுத்துவிட்டு அப்டேட் போட வேண்டும். இரண்டு, சட்டம். 2011-ம் ஆண்டின் சைபர் கஃபே விதிகள்படி, வாடிக்கையாளரின் அடையாள விவரம், பயன்பாட்டுப் பதிவேடு ஆகியவற்றைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். பார்த்த இணையதளங்களின் பதிவும் வேண்டும். எனவே, அந்தப் பதிவுகளைத் தனி சர்வரில் சேமிக்காமல் கணினியை மட்டும் உறைய வைத்தால், கடைக்காரர்தான் சிக்கலில் மாட்டுவார்.

பயனாளருக்கு அட்மின் கணக்கைத் தராமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததே. இதற்குப் பத்து பைசா செலவில்லை.

பென் டிரைவை என்ன செய்வது?

பிரின்ட் எடுக்க வருபவரிடம் “பென் டிரைவ் போடக் கூடாது” என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எனவே, பென் டிரைவுக்கு என்று ஒரே ஒரு கணினியை ஒதுக்குவது நடைமுறைக்கு ஒத்துவரும். மற்றவற்றில் யு.எஸ்.பி.யைக் கட்டுப்படுத்த, சி-டாக் உருவாக்கிய ‘யு.எஸ்.பி. பிரதிரோத்’ இருக்கிறது. செர்ட்-இன் அமைப்பின்கீழ் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இதை இலவசமாக வழங்கத் தொடங்கியது.

சி.பி.யு.வின் பின்புறம் கீபோர்டு ஒயரில் செருகப்படும் கீலாகர் கருவியை மென்பொருள் கண்டுபிடிக்கும் என்று நம்ப முடியாது. காலையில் கடை திறந்ததும் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.

சரி, எந்த ஆன்ட்டி வைரஸ்?

விண்டோஸுடன் வரும் டிஃபென்டர் அடிப்படைத் தேவைக்குப் போதும். கூடுதலாக வாங்குவோருக்கு சென்னையின் கே7, புணேவின் குவிக் ஹீல் உள்ளிட்டவை இருக்கின்றன. வாங்கும்போது பிராண்டு பெயரைவிட இவற்றைக் கேட்பது முக்கியம்:

- வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உண்டா? பல இலவசப் பதிப்புகள் வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே.
- எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க முடியுமா?
- பயனாளர் நிறுத்த முடியாதபடி பாஸ்வேர்டு போடலாமா?
- உரிமம் முடியும் தேதி என்ன, புதுப்பிக்கப் பணம் யார் தருவது?

பெரிய பெயர் என்பதாலேயே பிரச்சினை வராது என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதே ஆண்டு அமெரிக்கா காஸ்பர்ஸ்கி மென்பொருளின் விற்பனையைத் தடைசெய்தது. பணம் கட்டியவர்கள் மாற்று தேட வேண்டியதாயிற்று.

லினக்ஸ் ஒத்துவருமா?

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே சூசி லினக்ஸுக்கு மாறியது. கேரள அரசுப் பள்ளி ஆய்வகங்கள் பல ஆண்டுகளாக லினக்ஸில் இயங்குகின்றன. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு இது உயிர் கொடுக்கும். விரல்ரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவை பல நேரம் விண்டோஸைத்தான் எதிர்பார்க்கும் என்பது உண்மை. அந்த ஒன்றிரண்டு கணினிகளை விண்டோஸில் வைத்துக்கொண்டு, பிரவுசிங்குக்கு மட்டும் பயன்படுபவற்றை லினக்ஸுக்கு மாற்றலாம்.

யார் பொறுப்பு?

தனியார் கடையோ, நூலகமோ, பள்ளி ஆய்வகமோ, கணினி வாங்கும் அன்று காட்டும் அக்கறை அடுத்த ஆண்டு உரிமம் முடியும்போது இருப்பதில்லை. அப்டேட் போட ஒரு நாள், அதைச் செய்ய ஒரு ஆள், அதற்கு ஒரு சிறு தொகை - இந்த மூன்றும் எழுத்தில் இல்லாத எந்தக் கொள்முதலும் அரைகுறைதான். 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலை, தன் பொதுக் கணினிகளுக்கு இதை ஒரு விதியாகவே வைக்கலாம். ‘கடைசியாக அப்டேட் செய்த தேதி’ என்று ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால், உட்காரும் மாணவருக்கே நிலவரம் தெரிந்துவிடும்.

அதுவரை பயனாளர்கள் கெஸ்ட் மோடில் பிரவுசரைத் திறக்கலாம். வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்து, டவுன்லோடு செய்ததை அழித்து, “ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க அண்ணா” என்று கேட்கலாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணத்தையாவது சில நேரம் மீட்கலாம். யாரோ எடுத்துப்போன ஆதார் நகலை மீட்க முடியாது.