தராசுக்கு முத்திரை, தரைக்கு இல்லையா?

சேதராப்பட்டில் ஒரு மளிகைக் கடைக்காரர் பத்து கிராம் குறைத்து நிறுத்தால் என்ன நடக்கும்? எடையளவு இன்ஸ்பெக்டர் வருவார். 2009-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டுவார். அபராதம் போடுவார். போடட்டும்! ஜனங்களின் வயிற்றில் அடிப்பவனுக்காக நாம் பரிந்து பேசப் போவதில்லை.

ஆனால் அந்தக் கடைக்காரர் நிற்கும் தரையை அளந்துவிட்ட கட்டிடச் சொந்தக்காரரின் அளவு நாடாவைச் சோதிக்க எந்த இன்ஸ்பெக்டர் வருகிறார்?

ஒப்பந்தத்தில் 500 சதுர அடி. உள்ளே அளந்தால் 350. மிச்சம் 150 எங்கே? மாடிப்படியில் இருக்கிறதாம்! லிப்ட் குழியில், வராந்தாவில், வெளிச்சுவரின் கனத்தில் இருக்கிறதாம்! இதற்கு 'சூப்பர் பில்ட்-அப் ஏரியா' என்று நாகரிகப் பெயர் வேறு. எல்லாக் கடைகளின் தலையிலும் கட்டிய பங்கைக் கூட்டினால் மாடிப்படியைவிடப் பெரிதாகிறதா? அந்தக் கணக்கைக் காட்டும்படி சொந்தக்காரரைக் கேட்பாரில்லை.

சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 10,000. இதில் புழங்க முடியாத 150 அடிக்கு மட்டும் 3,000, வருஷத்துக்கு 36,000! பராமரிப்புக் கட்டணமும் 500 அடிக்கே. ஜி.எஸ்.டி. பொருந்தும் வாடகையானால் 18 சதவீத வரியும் முழுத் தொகைக்கே. காம்போசிஷன் திட்டத்தில் உள்ள சிறு வியாபாரிக்கு அந்த வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

சட்டம் இல்லாமலா போயிற்று? 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், உள்ளே புழங்கும் இடமே 'கார்ப்பெட் ஏரியா' என்று வரையறுத்திருக்கிறது. கடையும் குடோனும் அதில் அடக்கம். ஆனால் வாடகைதாரரை அந்தச் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. விற்கும்போது ஒரு அளவு, வாடகைக்கு விடும்போது வேறு அளவு! இது என்ன நியாயம்?

"கடைக்காரர் பிரச்னை நமக்கெதற்கு?" என்று ஆலைத் தோழர் கேட்கலாம். 2020-ல் ஏ.எஃப்.டி. ஆலை மூடப்பட்டதே! வேலை போன தொழிலாளி ஒரு தையல் கடையோ லேத் பட்டறையோ வைக்கப் போனால் இந்த நாடாதான் அவர் கழுத்தைச் சுற்றும். பட்டறைக்காரர் மாடிப்படிக்குக் கொடுத்த பணத்தை எங்கே பிடிப்பார்? கையாளின் கூலியில்!

விவசாயத் தொழிலாளிக்கு இந்த மோசடி புதிதல்ல. நெல்லை வாங்கப் பெரிய மரக்கால், கூலி அளக்கச் சின்ன மரக்கால். 1940-களில் கீழத்தஞ்சையில் பி.சீனிவாசராவ் திரட்டிய உழைப்பாளிகள் முத்திரை மரக்கால் கேட்டார்கள், போராடினார்கள்.

இன்று நாம் முத்திரை நாடா கேட்கிறோம். வாடகை கார்ப்பெட் ஏரியாவுக்கு மட்டுமே! பொது இடச் செலவுக்குத் தனிக் கணக்கு, ரசீதோடு! கட்டிட வரைபடம் ஒப்பந்தத்தோடு சேர்க்கப்பட வேண்டும்! அளக்கும் முறையை ஐ.எஸ்.3861 என்ற இந்தியத் தரமே எழுதி வைத்திருக்கிறது. புதுவை சர்க்கார் அதைக் கட்டாயமாக்கட்டும்.

கடைக்காரரே, கையெழுத்துப் போடுமுன் நாடாவை எடுங்கள். தொழிலாளத் தோழரே, அதன் மறுமுனையைப் பிடியுங்கள்!